ஹியூம் பெருந்தெருவில் ஒரு பின்சில்லுச் சத்தம்

மெல்பேர்ணிலிருந்து சிட்னிக்கு ஹியூம் பெருந்தெருவால் போனால் ஏறக்குறைய 880 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போய்த் திரும்பி யாழ்ப்பாணம் வந்தாலும் இவ்வளவு தூரம் வராது. 1824இல் ஹியூம், ஹோவல் என்ற இரண்டு வெள்ளைக்காரர் மாட்டு வண்டில்களோடு இந்தப் பக்கத்தால் தெற்கே வந்தார்களாம். அதனால்தான் ஹியூம் என்ற பெயர். 2013இல் கடைசித் துண்டும் இரட்டைப் பாதையாகி முடிந்தது. இப்போது அநேகமான இடங்களில் 110இல் போகலாம். நித்திரை வரும் என்பதைத் தவிர வேறு கஷ்டம் இல்லை, கார் ஒழுங்காக இருந்தால்.

டண்டினோங்கில் என்னோடு ஒரே பாக்ரறியில் வேலை செய்யும் தம்பி ஒருவருக்கு சிட்னி பெண்டில் ஹில்லில் மச்சாளின் சாமத்தியச் சடங்கு. அவரும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வந்து ஒரு வருடம்தான். வந்தவுடன் பழைய ரொயோற்றா கம்ரி ஒன்று வாங்கினார். எங்கள் பகுதியில் கார் ஆடம்பரம் இல்லை என்பது வாசகர்களுக்குத் தெரியும். காலை ஆறு மணி ஷிவ்ற்றுக்கு டண்டினோங் சவுத்துக்குள் போக, அந்த நேரத்தில் பஸ்ஸை நம்ப முடியாது. ஏஜென்சி மூலம் வேலை செய்பவன் இரண்டு நாள் பிந்திப் போனால் மூன்றாம் நாள் அவனுக்கு அழைப்பு வராது. ஆகவே கார் நின்றால் சம்பளமும் நிற்கும்.

அந்தக் காரின் பின்பக்கத்தில் "ம்ம்ம்" என்று ஒரு முனகல். எழுபது எண்பதுக்கு மேலே போனால் அரிசி மில் தூரத்தில் ஓடுவதுபோல் கேட்கும். அருகில் உள்ள ஒரு கராஜில் காட்டியபோது, பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "பின் டிவரென்ஷல் போய்விட்டது, ஆயிரத்து எண்ணூறு டொலர்" என்று சொல்லியிருக்கிறார்கள். தம்பி என்னிடம் வந்து, "அண்ணை, காசு இல்லை, இப்படியே சிட்னிக்குப் போகலாமோ?" என்று கேட்டார்.

நான் படிப்பை இடையில் விட்டு 2004 தொடக்கம் கொடிகாமத்தில் ஒரு கராஜில் நின்றவன். அங்கே பழைய ஒஸ்ரின் ஏ40 கார்கள் வரும். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடிய அதே கார்கள். அவற்றில் என்ஜின் முன்னுக்கு, இழுப்பது பின்சில்லு. நடுவே நீளமான தண்டு ஒன்று போய்ப் பின்னுக்கு டிவரென்ஷலில் முடியும். ஆகவே பின்னுக்குச் சத்தம் என்றால் டிவரென்ஷலைச் சந்தேகிப்பது நியாயம். ஆனால் தம்பியின் கம்ரி முன்சில்லு இழுக்கிற கார். அதற்குப் பின்பக்கத்தில் டிவரென்ஷலே கிடையாது! இல்லாத சாமானுக்கு ஆயிரத்து எண்ணூறு டொலர். பாஷை தெரியாத முகத்தைக் கண்டால் சில இடங்களில் இப்படித்தான் நடக்கிறது. எந்தக் கராஜிலும் எழுத்தில் விலை கேளுங்கள், மாற்றிய பழைய சாமானைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். இந்த இரண்டையும் கேட்பவர்களோடு அவர்கள் வேறு மாதிரிக் கதைப்பார்கள்.

(உங்களுடையது பழைய ஃபோர்ட் ஃபல்கன் அல்லது ஹோல்டன் கொமடோர் என்றால் கதை வேறு. அவை பின்சில்லு இழுக்கிறவை. கியரை றிவேர்ஸிலிருந்து டிறைவுக்கு மாற்றும்போது பின்னுக்கு "டொக்" என்று அடித்தால் தண்டின் மூட்டையும், டிவரென்ஷலைத் தாங்கும் றப்பர் புஷ்களையும் பார்க்கச் சொல்லுங்கள். அக்சிலரேற்றரை மிதிக்கும்போது ஒரு மாதிரியும், விடும்போது வேறு மாதிரியும் ஊளையிட்டால் அதுதான் டிவரென்ஷல்.)

பயணத்துக்கு முதல்நாள் டிக்கியை முழுக்க வெறுமையாக்கினோம். ஜக், ஸ்பானர், உதிரிச் சில்லு எல்லாம் இறக்கி ஒருமுறை ஓடிப் பார்த்தோம். பாதிச் சத்தங்கள் டிக்கிக்குள்ளே கிடக்கும் தளர்ந்த சாமான்களால் வருபவை. இது அப்படி இல்லை. சைலன்சரைத் தாங்கும் றப்பர்களும், அதன் மேலே இருக்கும் மெல்லிய தகரமும் சரியாக இருந்தன. பின் ரயர்களைக் கையால் தடவினேன். ரயர் பூ மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருந்தால் அதுவும் இதே முனகலைத் தரும். அவை சீராக இருந்தன. அப்போதே பெயாரிங் என்று எனக்குப் பட்டது. சில்லைத் தூக்கி அசைத்துப் பார்த்தேன். ஆட்டம் இல்லை. வெள்ளி விடிய வெளிக்கிட்டோம். இடையில் பட்டணங்கள் உண்டு, கவனித்துக்கொண்டு போகலாம் என்பது என் எண்ணம்.

சீமோர் தாண்டியபின் ரோட்டு இரைச்சல் கூடிவிட்டது. கரடுமுரடான சல்லி போட்ட தார் அது. புதுக்காரும் அதில் இரையும். ஆனால் பாலங்களில் ஏறும்போது அந்த இரைச்சல் ஒரு கணம் மாறும். ரயர்ச் சத்தம் என்றால் அதுவும் சேர்ந்து மாறவேண்டும். எங்கள் முனகல் மாறவில்லை. அக்சிலரேற்றரை விட்டுப் பார்த்தோம், அப்போதும் மாறவில்லை. என்ஜினுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, சில்லு சுற்றும் வேகத்தோடு மட்டும்தான் அது ஏறி இறங்கியது. யூரோவா தாண்டிய பிறகு ரோட் இடப்பக்கம் வளையும் இடங்களில் சத்தம் கூடியது, வலப்பக்கம் வளைந்தால் அடங்கியது. இடப்பக்கம் திரும்பும்போது காரின் பாரம் வலப்பக்கச் சில்லுகளில் விழும். ஆகவே பழுது வலது பின்சில்லில்.

அதன் பிறகு சத்தம் வேறு மாதிரி. முனகல் போய், கல் அரைபடும் சத்தம். பின் சீற்றில் இருந்த தங்கச்சி சின்னவனைத் தன் மடியோடு இழுத்துப் பிடித்தபடி, "அண்ணை, நிப்பாட்டுவம்" என்றா. அவ சொன்னதுதான் சரி. பெயாரிங் முற்றாகப் போனால் சில்லு ஆடத் தொடங்கும், பிறேக் பிழைக்கும், கடைசியில் சில்லே கழன்றும் போகலாம். 110இல் லொறிகளுக்கு நடுவே அது நடந்தால் என்ன ஆகும் என்று எழுதத் தேவையில்லை. ஆனால் பெருந்தெருவின் கரையில் காரை நிறுத்திச் சில்லைக் கழற்றக் கூடாது. அடுத்த வெளியேறும் வழி கிளென்றோவன். மெதுவாக அதற்குள் இறக்கினோம்.

கிளென்றோவன் சின்ன ஊர். 1880 ஜூனில் நெட் கெல்லி என்ற கொள்ளைக்காரன் பொலிசோடு கடைசிச் சண்டை பிடித்த இடம். கலப்பை இரும்பை வளைத்துக் கவசம் செய்து போட்டுக்கொண்டு நின்றானாம். கால்களுக்குக் கவசம் இல்லை, அங்கேதான் சுட்டு விழுத்தினார்கள். அவனுடைய பெரிய சிலை ஒன்று தெருவோரம் நிற்கிறது. பிள்ளைகள் அதைப் பார்க்கப் போக, நாங்கள் சமதரையில் காரை நிறுத்தி, முன்சில்லுகளுக்குக் கட்டை வைத்து, வலது பின்சில்லை ஜக்கில் தூக்கினோம். ஜக்கை மட்டும் நம்பி ஒருவரும் காருக்குக் கீழே போகவேண்டாம். மேலும் கீழும் பிடித்து அசைத்தேன். முதல்நாள் அசையாத சில்லு இப்போது "டிக் டிக்" என்றது. கையால் சுற்ற, உள்ளே மணல் அரைபடுவதுபோல் விரலுக்குத் தெரிந்தது. இடது பக்கத்தைத் தூக்கிச் சுற்றினால் பட்டுப்போல் ஓடியது.

பெருந்தெருவுக்கு ஏறாமல் பழைய ரோட்டாலே, சிக்னல் லைற்றைப் போட்டபடி ஊர்ந்து, பதினைந்து பதினாறு கிலோமீற்றர் தள்ளி இருக்கும் வங்கறற்றாவுக்குப் போனோம். அங்கே ஒரு கராஜில் வயதான வெள்ளைக்காரர். நான் எனக்குத் தெரிந்த இங்கிலிஷில் "வலது பின்சில்லு, பெயாரிங், டிவரென்ஷல் இல்லை" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "கம்ரிக்கு எங்கே பின் டிவரென்ஷல்?" என்றார். எனக்கு அது போதும். இந்த மொடலில் பெயாரிங்கும் ஹப்பும் ஒரே துண்டு, நாலு போல்ட். சாமான் அதே ஊர்க் கடையிலிருந்து வந்தது. பின்னேரம் மூன்று மணிக்குள் முடிந்தது. டிவரென்ஷலுக்குக் கேட்ட காசில் கால்வாசியும் வரவில்லை. வெள்ளிக்கிழமையாக இருந்தது நல்லதாய்ப் போயிற்று. சனி மத்தியானத்துக்குப் பிறகு சின்னப் பட்டணங்களில் கராஜ் திறந்திருக்கும் என்று எண்ணிப் புறப்படாதீர்கள்.

விக்ரோரியாவில் காருக்கு வருடாந்தப் பரிசோதனை இல்லை. கைமாறும்போதுதான் றோட்வேர்தி கேட்பார்கள். நியூ சவுத் வேல்ஸில் ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட கார் என்றால் ஒவ்வொரு வருடமும் பிங்க் சிலிப் எடுக்கவேண்டும். மெல்பேர்ண்காரர் இதனால் ஒரு செலவு மிச்சம் என்று சந்தோசப்படுகிறோம். ஆனால் ஒரு பெயாரிங் வருடக்கணக்காக ஒருவர் கண்ணிலும் படாமல் தேயும். அதைக் கேட்க எங்கள் காதுதான் உண்டு. பாட்டைக் குறைத்துவிட்டுக் கிழமைக்கு ஒருமுறையாவது காரைக் கேளுங்கள். தூரப் பயணம் போகிறவர்கள் ஆர்ஏசிவியில் சேர்ந்திருந்தால், எல்லை தாண்டினாலும் சிட்னிப் பக்கத்து என்ஆர்எம்ஏ உதவிக்கு வரும்.

மறே ஆற்றைத் தாண்டி ஓல்பரிக்குள் போகும்போது வெயில் சாய்ந்துவிட்டது. ஹோல்புறூக்கில் கடலே இல்லாத இடத்தில் ஒட்வே என்ற நீர்மூழ்கிக் கப்பலின் மேல்பாதி புல்தரையில் கிடக்கிறது. பிள்ளைகள் அதன்மேல் ஏறி விளையாடினார்கள். அதற்குப் பிறகு ஒரு இடத்தில் கொங்கிறீற் ரோட் தொடங்கியதும் கார் முழுக்க இரைந்தது. தங்கச்சி பதறிப்போய், "ஐயோ, திரும்பவும் வந்திட்டுது" என்றா. இல்லை, அது ரோட். தார் வந்ததும் நின்றுவிட்டது.

சில்லு கழற்றிப் பூட்டினால் ஐம்பது, நூறு கிலோமீற்றருக்குள் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்கவேண்டும். அதை ஹோல்புறூக்கிலேயே செய்துவிட்டோம். ஒரு நட் கால் சுற்று இறுகியது. கண்டகாயில் தேத்தண்ணி குடித்துவிட்டு மற்றொரு முறையும் பார்த்தோம், எல்லாம் இறுக்கமாக இருந்தன. பெண்டில் ஹில்லுக்குப் போய்ச் சேர இரவு ஒரு மணி தாண்டிவிட்டது. மாமி நித்திரை கொள்ளாமல் புட்டும் மீன்குழம்பும் வைத்துக்கொண்டு இருந்தா.