விற்ற காரும் டிராயரில் கிடக்கும் பெட்டியும்

போன மாதம் காரை விற்றேன். அந்தக் கதைக்கு முன், அதில் மூன்று வருடம் மாட்டியிருந்த ஒரு சின்னப் பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2012இல் இயற்பியல் வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு வாங்கிய டீசல் கார் அது. எனக்குக் குறை ஒன்றும் இல்லை. மார்க்கெட், மலை சுற்ற 14 கிலோமீட்டர், எப்போதாவது வேலூர். அவ்வளவுதான் என் ஓட்டம். பெங்களூரில் இருக்கும் மகனுக்குத்தான் போதவில்லை. டர்போ வைத்த சின்ன டீசல் இன்ஜின் எதுவும் குறைந்த சுழற்சியில் சற்றுத் தூங்கும். ஜமுனாமரத்தூர் மலைப் பாதையில் நான் கியரைக் குறைத்துக் குறைத்து ஏறுவதைப் பார்த்துவிட்டு, அடுத்த முறை ஒரு 'சிப்' வாங்கி வந்தான். "வாரண்டிதான் முடிஞ்சு போச்சேப்பா" என்றான். பானெட்டைத் திறந்து, டீசல் அழுத்தத்தை அளக்கும் சென்சாரின் பிளக்கைக் கழற்றி, நடுவில் இதைச் செருகினான். பத்து நிமிட வேலை.

அது செய்வது என்ன? ஒரு பொய் சொல்கிறது. வயிறு நிறையச் சாப்பிட்ட பேரன் பாட்டியிடம் பசிக்கிறது என்று சொல்வதில்லையா, அதைப்போல. அழுத்தம் குறைவாக இருக்கிறது என்று இன்ஜின் கம்ப்யூட்டரிடம் சொல்கிறது. அதுவும் நம்பி அழுத்தத்தைக் கூட்டுகிறது. டீசல் கூடுதலாகப் பாய்கிறது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கணக்கையே மாற்றி எழுதும் முறையும் உண்டு. எதுவானாலும் பலன் ஒன்றுதான்: இழுவை.

இது புதிதல்ல. எழுபதுகளில் என் சித்தப்பா இங்கிருந்து மெட்ராஸுக்கு நெல் லோடு அடித்தார். டீசல் பம்பின் ஈய சீலை உடைத்து ஸ்க்ரூவைத் திருகிவிட்டால் லாரி பாய்ந்து ஏறும், பின்னால் கரும்புகை. "இழுவைய வாங்கினா ஆயுச விக்கணும்டா" என்பார். அன்று ஸ்க்ரூ, இன்று சிப்.

'கம்பெனிக்காரன் சக்தியை ஒளித்து வைத்திருக்கிறான்' என்பது சிப் விற்பவர்களின் வாதம். பாதி உண்மை. ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் டீசல் இன்ஜின் மாருதி ஸ்விஃப்டில் 75 குதிரைத்திறன் தந்தது, எர்டிகாவில் 90. ஆனால் 90 எடுக்கும்போது வேறு வகை டர்போவையே வைத்தார்கள். சிப் வைக்கும் நாம் எதையும் மாற்றுவதில்லை. மட்டமான டீசல், சித்திரை வெயில், மலையேற்றம், புகை விதி எல்லாவற்றுக்கும் சேர்த்து விட்டுவைத்த இடைவெளியைத்தான் எடுத்துச் செலவழிக்கிறோம்.

எனக்கும் பிடித்திருந்தது, பொய் சொல்வானேன். செங்கம் சாலையில் லாரிகளைத் தாண்டுவது விளையாட்டாகிவிட்டது. ஒரு நாள் எதிரே பஸ் வந்ததைக் கடைசி நொடியில் பார்த்து உள்ளே ஒதுங்கினேன். என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. வீடு வரும்வரை கதவுப் பிடியை மட்டும் விடவில்லை.

மூன்றாம் வருடம் அதே மலைப் பாதையில் இன்ஜின் உறுமியது, வண்டி நகரவில்லை. கருகிய வாடை. கிளட்ச் போய்விட்டது. "62,000தானே சார் ஓடியிருக்கு, இன்னும் போகணுமே" என்றார் மெக்கானிக். பௌர்ணமி நெரிசலில் நான் அரை கிளட்சில் நின்றதும் காரணமாக இருக்கலாம். ஆனாலும் அன்றே பெட்டியைக் கழற்றிவிட்டேன்.

இப்போது வாங்க வந்தவன் என் பழைய மாணவன், வாடகைக்கு வண்டி ஓட்டுபவன். "கழட்டிட்டா அடையாளமே இருக்காதுப்பா, எதுக்குச் சொல்லணும்?" என்றான் மகன் போனில். உண்மைதான், அடையாளம் இல்லை. ஆனால் மூன்று வருடம் கூடுதல் அழுத்தத்தில் உழைத்த பம்பும் டர்போவும் வண்டிக்குள்ளேயே இருக்கின்றனவே. சொல்லிவிட்டேன். அவன் பத்தாயிரம் குறைத்தான். ஒப்புக்கொண்டேன்.

பணத்தை எண்ணி வைத்துவிட்டு, தலையைச் சொறிந்தபடி, "சார், அந்தப் பெட்டியயும் குடுத்துடுங்களேன்" என்றான்.

"அது மட்டும் கிடையாதுடா. நீ ஜனங்களை ஏத்திட்டுப் போறவன்" என்றேன். முகம் சுருங்கியது. வேறு எங்கேயாவது வாங்கிக்கொள்வானோ என்னவோ.

உங்கள் பிள்ளைகளும் இப்படி ஒன்றோடு வந்தால், முதலில் வாரண்டி, இன்ஷூரன்ஸ் தாள்களைப் படியுங்கள். தயாரிப்பாளர் குறித்ததற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்வதையும் காட்டுங்கள். அப்புறம், பக்கத்து சீட்டில் உட்கார்பவர்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்கவில்லை.