மழையில்லாத நாட்டில் கோதுமை விளைந்த கதை

“சவுதியில் மழையும் இல்லை, ஆறும் இல்லை. அப்புறம் அங்கே எப்படி விவசாயம் செய்கிறார்கள்?”

திமிரி வட்டாரத்தில், வெளிநாட்டு வேலையிலிருந்து விடுமுறைக்கு ஊர் வருகிறவர்களிடம் தவறாமல் கேட்கப்படும் கேள்வி இது. பேரீச்சம்பழப் பெட்டியைப் பிரிக்கும்போதே பேச்சு தொடங்கிவிடும். ஆற்காடு, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று இந்தப் பக்கத்து ஊர்களில் சவுதிக்குப் போய் வந்தவர் இல்லாத தெரு குறைவு. அங்கே சம்பாதித்து அனுப்பும் பணத்தில் மகளுக்குக் கல்யாணம் நடக்கிறது, வீட்டுக்குத் தளம் போடப்படுகிறது. மீதியில் நிலத்தில் ஒரு போர் இறங்குகிறது. தண்ணீரே இல்லாத நாட்டில் உழைத்த காசு இங்கே தண்ணீர் தேடப் போகிறது. அந்த நாடு தன் தண்ணீரை என்ன செய்தது என்பதைப் போர் போடுகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்வது நல்லது.

நிலமும் வானமும்

சவுதி அரேபியாவின் பரப்பு சுமார் 21.5 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவில் மூன்றில் இரண்டு பங்கு. இவ்வளவு பெரிய நாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. மழை பெய்தால் மட்டும் தண்ணீர் ஓடும் பள்ளங்கள் உண்டு. அவற்றை ‘வாதி’ என்கிறார்கள். தெற்கே ‘ரூபல் காலி’ என்ற மணல்காடு. அந்தப் பெயருக்கு ‘வெற்றுக் கால்பகுதி’ என்று பொருள். அது ஒன்றே தமிழ்நாட்டைப் போல நான்கு மடங்குக்கும் மேல்.

தலைநகரம் ரியாத்தில் ஆண்டு மழை சுமார் 100 மில்லிமீட்டர். ராணிப்பேட்டை, வேலூர் பகுதியில் சாதாரண ஆண்டில் 900 மில்லிமீட்டருக்குக் குறையாது. அங்கே ஓராண்டு பெய்வது இங்கே ஐப்பசி அடைமழையில் சில நாளில் பெய்துவிடும்.

நாடு முழுவதும் ஒரே மணல் என்றும் நினைத்துவிடக் கூடாது. தென்மேற்கில் அசீர் மலைப்பகுதியில் ஓரளவு மழை உண்டு. அங்கே படிப்படியாக வயல் கட்டிப் பயிர் செய்கிறார்கள். தாயிஃபில் ரோஜா, ஜீசானில் மாம்பழமும் காப்பியும் விளைகின்றன. கிழக்கே அல் அஹ்ஸா என்ற பாலைவனச் சோலையில் சுமார் 25 லட்சம் பேரீச்ச மரங்கள் இருக்கின்றன. 2018-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. ஒரு காலத்தில் அங்கே ஊற்றுகள் தாமாகப் பொங்கி வாய்க்காலில் ஓடின. இப்போது மோட்டார் போட்டுத்தான் தண்ணீர் எடுக்க வேண்டியிருக்கிறது.

மக்களும் ஆட்சியும்

2022 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 3 கோடியே 20 லட்சத்துக்குச் சற்று மேல். நூற்றுக்குச் சுமார் நாற்பத்திரண்டு பேர் வெளிநாட்டுக்காரர்கள். அவர்களில் இந்தியர் மட்டும் 18 லட்சத்துக்கும் மேல். முன்பு ஒட்டகமும் ஆடும் மேய்த்து ஊர் ஊராகப் போன அரபு மக்களில் பெரும்பாலோர் இன்று நகரவாசிகள்.

ஆட்சி மன்னர் ஆட்சி. அப்துல் அஜீஸ் இப்னு சவூத் 1902-ல் ரியாத்தைப் பிடித்தார். பிறகு முப்பது ஆண்டுகளில் மற்ற பகுதிகளையும் சேர்த்து, 1932-ல் தன் குடும்பப் பெயரிலேயே நாட்டை அறிவித்தார். 1953-ல் அவர் இறந்த பிறகு ஆண்ட ஆறு மன்னர்களும் அவருடைய மகன்களே. இப்போதைய மன்னர் சல்மான் 2015-ல் பட்டத்துக்கு வந்தார். அன்றாட நிர்வாகம் அவருடைய மகன், பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மான் கையில் இருக்கிறது. 2022 முதல் பிரதமரும் அவரே.

அரசியல் கட்சிகள் கிடையாது. சட்டமன்றத் தேர்தலும் கிடையாது. ‘ஷூரா’ என்ற ஆலோசனை அவையின் 150 உறுப்பினர்களையும் மன்னரே நியமிக்கிறார். 1992-ல் வந்த அடிப்படைச் சட்டம் குர்ஆனையும் நபிவழியையுமே நாட்டின் அரசியல் சட்டம் என்கிறது. இப்படிப்பட்ட ஆட்சியில் ஒரு முடிவு எடுத்தால் அது வேகமாக நடந்துவிடும். முடிவு தவறாகப் போனால் கேட்க ஆளில்லாமல் அதே வேகத்தில் தவறும் நடக்கும். தண்ணீர் விஷயத்தில் இரண்டும் நடந்தன.

எண்ணெய் வந்தது

1938 மார்ச்சில் தம்மாம் ஏழாம் எண் கிணற்றில் எண்ணெய் கிடைத்தது. 1948-ல் கவார் என்ற எண்ணெய்ப் படுகையைக் கண்டுபிடித்தார்கள். நீளம் சுமார் 280 கிலோமீட்டர். உலகிலேயே பெரியது. பேரீச்சந்தோப்பு நிறைந்த அதே அல் அஹ்ஸா பக்கத்தில்தான் இதுவும் இருக்கிறது.

அதற்கு முன் மெக்கா, மதீனாவுக்கு வரும் யாத்திரிகர்கள் மூலம் கிடைத்த வருமானமே அரசுக்குப் பெரிது. எண்ணெய் வந்த பிறகு சாலை, மருத்துவமனை, பள்ளிக்கூடம் எல்லாம் அந்தப் பணத்தில் வந்தன. தனி மனிதரின் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது.

ஆனால் ஒரே வருமானத்தை நம்பினால் அதன் விலை இறங்கும்போது வீடே ஆடும். ஒரே பயிரை நம்பியவருக்கு இது தெரியும். 2014-ல் எண்ணெய் விலை சரிந்தது. 2016-ல் ‘விஷன் 2030’ என்ற திட்டத்தை அறிவித்து, எண்ணெய் தவிர வேறு வருமானம் தேடத் தொடங்கினார்கள். 2018-ல் பொருள்களுக்கு 5 சதவீத வரி வந்தது. 2020-ல் அது 15 சதவீதமானது. குடும்பத்தோடு இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் 2017 முதல் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்ட வேண்டும் என்றார்கள். அது ஆண்டுக்கு ஆண்டு கூடி 400 ரியால் வரை போனது. மனைவி மக்களை ஊருக்கு அனுப்பிவிட்டுத் தனியாகத் தங்கியவர்கள் அப்போது ஏராளம்.

பாலைவனத்தில் கோதுமை

எழுபதுகளின் இறுதியில் சவுதி அரசுக்கு ஒரு பயம் வந்தது. எண்ணெயை விற்றுச் சோறு வாங்குகிறோம். நாளைக்கு எவனாவது சோறு தர மாட்டேன் என்றால்? சொந்த மண்ணிலேயே கோதுமை விளைவிப்பது என்று முடிவெடுத்தார்கள்.

நிலம் இலவசம். மோட்டாருக்கும் கருவிக்கும் மானியம். டீசல் விலை மிகக் குறைவு. தண்ணீருக்கு விலையே இல்லை. விளைந்த கோதுமையை உலகச் சந்தை விலையைப் போலப் பல மடங்கு கொடுத்து அரசே வாங்கிக்கொண்டது. இவ்வளவு இருந்தால் பாறையிலும் பயிர் வரும். மணலுக்கு நடுவே வட்டம் வட்டமாகப் பச்சை தெரிந்தது. நடுவில் குழாய், அதிலிருந்து நீண்ட கை, அதில் சக்கரம். அந்தக் கை சுற்றிச் சுற்றி வந்து தண்ணீர் தெளிக்கும்.

எண்பதுகளின் நடுவில் நாட்டுக்குத் தேவையான கோதுமை முழுவதும் உள்ளேயே விளைந்தது. 1992-ல் விளைச்சல் 40 லட்சம் டன்னைத் தாண்டியது. பாலைவன நாடு கோதுமை ஏற்றுமதி செய்தது. உலகமே வியந்தது.

தண்ணீர்க் கணக்கை மட்டும் யாரும் சரியாகப் பார்க்கவில்லை. ஒரு கிலோ கோதுமைக்கு அந்த வெயிலில் ஆயிரம் லிட்டருக்கும் மேல் தண்ணீர் வேண்டும். குறைந்த கணக்காக ஆயிரம் லிட்டர் என்றே வைத்தாலும், அந்த 40 லட்சம் டன்னுக்கு 400 கோடி கன மீட்டர். மேட்டூர் அணை நிரம்பி வழியும்போது இருப்பது சுமார் 265 கோடி கன மீட்டர். அதாவது ஒன்றரை மேட்டூர் தண்ணீர் ஒரே ஆண்டில் ஒரே பயிருக்குப் போனது.

அது மழைத் தண்ணீரும் அல்ல. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தப் பகுதியில் மழை பெய்த காலத்தில் மணற்பாறைக்குள் இறங்கித் தங்கிய பழைய நீர். எடுத்தால் எடுத்ததுதான், திரும்ப ஊறாது. நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போனது. அஃப்லாஜ் பகுதியில் லைலா என்ற ஊருக்கு அருகே இருந்த இயற்கை ஏரிகள் தொண்ணூறுகளில் வற்றிவிட்டன.

2008-ல் அரசு கையைப் பிசைந்தது. உள்நாட்டுக் கோதுமைக் கொள்முதலை ஆண்டுக்கு 12.5 சதவீதம் குறைத்து, 2016-க்குள் முழுவதும் நிறுத்துவது என்று அறிவித்தது. நிறுத்தியும் விட்டது. பிறகு அளவு வைத்து ஓரளவுக்கு மட்டும் திரும்ப அனுமதித்தது. கோதுமையை விட்டவர்களில் பலர் மாட்டுப் பண்ணைகளுக்குக் குதிரை மசால் போட்டார்கள். அது கோதுமையைவிட அதிகம் தண்ணீர் குடிக்கும் பயிர். 2015 இறுதியில் பெரும் பண்ணைகளில் பசுந்தீவனத்தையும் மூன்று ஆண்டுகளில் கைவிட உத்தரவு வந்தது. அந்நாட்டின் பெரிய பால் நிறுவனமான அல்மராய் அமெரிக்காவின் அரிசோனாவில் நிலம் வாங்கி, அங்கே தீவனம் வளர்த்துக் கப்பலில் கொண்டுவந்தது. அங்குள்ள விவசாயிகள் தங்கள் கிணறு இறங்குகிறது என்று குரல் எழுப்பினார்கள். 2023-ல் அம்மாநில அரசு, அந்த நிறுவனத்தின் கிளைக்குக் கொடுத்திருந்த அரசு நிலக் குத்தகைகளை முடித்துக்கொள்வதாக அறிவித்தது.

இப்போது குடிநீருக்குக் கடலே கதி. கடல் நீரை உப்பு நீக்கிக் குடிநீராக்குவதில் உலகில் முதலிடம் சவுதிக்கு. கிழக்குக் கடற்கரையிலிருந்து 400 கிலோமீட்டருக்கும் மேல் குழாய் வைத்து, 600 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரியாத்துக்கு ஏற்றுகிறார்கள். எண்ணெய்ப் பணம் இருப்பதால் முடிகிறது.

திமிரிக் கிணற்றின் கணக்கு

திமிரி விவசாயிக்கு எண்ணெய்க் கிணறு இல்லை. கிணறு வற்றினால் கடலைக் காய்ச்சிப் பாய்ச்ச முடியாது. ஆனால் சவுதிக்கு இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது. மழை.

ஓர் ஏக்கரில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 4 லட்சம் லிட்டர். 900 மில்லிமீட்டர் என்றால் 36 லட்சம் லிட்டர். ஒரு போக நெல்லுக்குச் சுமார் 1200 மில்லிமீட்டர், அதாவது ஏக்கருக்கு 48 லட்சம் லிட்டர் வேண்டும். அந்த ஏக்கரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைவிட ஒரு போக நெல் அதிகம் குடிக்கிறது. மீதி ஏரியிலிருந்து வர வேண்டும், இல்லையென்றால் பூமிக்கு அடியிலிருந்து. வேர்க்கடலைக்குச் சுமார் 500 மில்லிமீட்டர் போதும். அது 20 லட்சம் லிட்டர்.

இந்தப் பகுதியில் அடியில் இருப்பது கருங்கல் பாறை. மேலே சிதைந்த பாறையிலும் கீழே வெடிப்புகளிலும்தான் தண்ணீர் நிற்கும். கொள்ளளவு குறைவு, ஆனால் நல்ல மழைக்கு மறுபடி ஊறும். 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்ததை இப்பகுதியினர் மறந்திருக்க மாட்டார்கள். ஏரிக்கு வரும் வரத்துக்கால்வாய் அடைபடாமல் இருந்தால் அப்படிப்பட்ட மழை நிலத்துக்குள் இறங்கும். அடைபட்டிருந்தால் சாலையில் ஓடிக் கடலுக்குப் போகும்.

இன்னொன்றும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவால் எத்தனையோ கிணறுகள் உப்பாகிவிட்டன. 1996-ல் உச்ச நீதிமன்றம் இதற்காகவே தீர்ப்பு சொன்னது. அங்கே கிணற்றில் தண்ணீர் இருந்தும் பாய்ச்ச முடியாதவர்கள் உண்டு. திமிரிப் பக்கத்தில் நல்ல தண்ணீர் ஊறும் கிணறு வைத்திருப்பவர் கையில் இருப்பது சொத்து.

தமிழ்நாட்டில் விவசாய மோட்டாருக்கு 1990 முதல் இலவச மின்சாரம். அது விவசாயிக்குப் பெரிய ஆதரவு. சவுதியிலும் மானியம் மட்டுமே கெடுத்துவிடவில்லை; எவ்வளவு எடுக்கிறோம் என்று அளக்காமல் எடுத்ததுதான் கெடுத்தது. அளப்பதற்குச் செலவு இல்லை. திறந்த கிணறாக இருந்தால் கயிற்றில் கல் கட்டி இறக்கி, மாதம் ஒரு முறை தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று காலண்டரில் எழுதி வைக்கலாம். போராக இருந்தால் மோட்டாரை எந்த ஆண்டு எத்தனை அடி கீழே இறக்கினோம் என்று குறித்து வைக்கலாம். தை மாதக் கணக்கைப் பார்த்த பிறகு நவரைக்கு நெல்லா, கடலையா என்று முடிவு செய்யலாம். சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு அரசு 100 சதவீத மானியம் தருகிறது. சிட்டா, அடங்கல், சிறு குறு விவசாயி சான்றோடு வட்டார வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலகத்தில் பதிவு செய்யலாம்.

வெளிநாட்டுப் பணம் வந்ததும் இரண்டாவது போர் போட நினைக்கும் குடும்பங்கள், முதல் போர் ஏன் இறங்கியது என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளட்டும். அதே பணத்தில் பாதி போதும், ஒரு பண்ணைக் குட்டையும் சொட்டுநீரும் அமைக்க. பாலைவனத்தில் 45 டிகிரி வெயிலில் பிள்ளை உழைத்து அனுப்பிய காசு அது. அது வெறும் துளையாக நிலத்தில் நின்றுவிடக் கூடாது.