திரைக்குப் பின்னால் ஒரு கிற்றார்

சென்ற ஆண்டு எங்கள் பாடசாலைக் கலைவிழாவுக்கு அழைப்பிதழ் எழுதும் பொறுப்பு என்னுடையதாயிருந்தது. பாடிய மாணவியரின் பெயர்கள் யாவும் அதில் இடம்பெற்றன. ஒத்திகை ஒவ்வொன்றுக்கும் தவறாது வந்து மிருதங்கம் வாசித்த மாணவனின் பெயர் மட்டும் விடுபட்டுப் போயிற்று. விழா முடிந்தபின் அவன் வந்து, “சேர், என்ரை பேர் இல்லை” என்றான். அக்குரலில் குறைகூறல் இல்லை. அதனாலேயே அது என்னைச் சுட்டது.

அன்றிரவு உறக்கம் வராமல் பழைய அமெரிக்கப் பாடல்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சாம், டேவ் என்னும் இருவர் பாடி 1967இல் வெளிவந்த ‘சோல் மேன்’ என்ற பாடலின் இடையே, பாடகர் கிற்றார்க் கலைஞரைப் பெயர் சொல்லி அழைத்து வாசிக்கத் தூண்டுகிறார். ‘ஸ்டீவ்’ என்ற அப்பெயரை முன்னரும் பலமுறை கேட்டிருக்கிறேன். அது யாருடைய பெயர் என்று அன்றுதான் தேடத் தோன்றியது.

ஸ்டீவ் குறொப்பர் 1941இல் மிசூரி மாநிலத்திற் பிறந்து, சிறுவயதிலே மெம்பிஸ் நகருக்கு வந்தவர். அந்நகரில் ஜிம் ஸ்டுவர்ட்டும் அவர் தமக்கை எஸ்டெல் அக்ஸ்டனும் 1960இல் பழைய சினிமாக் கொட்டகையொன்றை ஒலிப்பதிவுக்கூடமாக்கினர். ஸ்டாக்ஸ் என்னும் இசைத்தட்டு நிறுவனம் அங்கேதான் வளர்ந்தது. கொட்டகையின் முன்புறத்தில் மிட்டாய் விற்ற இடம் இசைத்தட்டுக் கடையாயிற்று. அக்கடையில் வேலை பார்த்த இளைஞரே உள்ளே சென்று கிற்றார் வாசித்தார். பின்னர் ஒலிப்பதிவுகளை நெறிப்படுத்தும் தயாரிப்பாளருமானார்.

கறுப்பரும் வெள்ளையரும் ஒரு மேசையில் இருந்து உண்ண முடியாதிருந்த நகரம் அது. அங்கே புக்கர் ரி. ஜோன்ஸ், அல் ஜக்சன் என்னும் இரு கறுப்பரும், குறொப்பர், டொனால்ட் டன் என்னும் இரு வெள்ளையரும் ஒரே குழுவாக நின்று பிறர் பாட்டுக்கு வாசித்தனர். குறொப்பர் தம் விரல்வேகத்தைக் காட்ட முனைந்தவரல்லர். பாடகர் மூச்செடுக்கும் இடைவெளியில் இரண்டொரு சுரங்களை வைத்துவிட்டு விலகிக்கொள்வார். பாட்டு நிற்பதற்கு எது வேண்டுமோ அதற்குமேல் ஒன்றும் வாசிப்பதில்லை. நல்ல பக்கவாத்தியக்காரரின் இலக்கணமும் இதுவன்றோ!

1967 டிசம்பர் 10ஆந் திகதி பாடகர் ஓட்டிஸ் றெடிங் விமான விபத்தில் இறந்தார். இருவரும் சேர்ந்தெழுதிய துறைமுகப் பாடலொன்று சில நாள்களுக்கு முன்னர்தான் ஒலிப்பதிவாகியிருந்தது. நண்பரை இழந்த துயரம் ஆறுமுன்னரே, அவர் குரலைத் தனியே கேட்டுக்கேட்டு, கடலலையின் ஒலியையும் கடற்பறவைகளின் ஒலியையும் சேர்த்துப் பாடலை நிறைவுசெய்தவர் குறொப்பர். 1968இல் அது அமெரிக்கப் பாடல் வரிசையில் முதலிடம் பெற்றது.

ஆயினும் ஓர் அறைக்குள் நிலவிய சமத்துவம் ஊரின் சமத்துவமாகிவிடவில்லை. இரு நிறத்தாரும் ஒருங்கே தங்கக்கூடிய லொறெயின் விடுதியில், வில்சன் பிக்கெற் என்னும் கறுப்புப் பாடகரோடு அமர்ந்து 1965இல் குறொப்பர் பாட்டெழுதினார். அதே விடுதியில்தான் 1968 ஏப்ரல் 4ஆந் திகதி மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டார். அதன்பின் அவ்வறைக்குள்ளும் பழைய இணக்கம் நிலைக்கவில்லை.

உழைப்பின் பயனும் உழைத்தோரிடம் தங்கவில்லை. அற்லாண்டிக் நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்தின் ஒரு பிரிவினால், அதுவரை அந்நிறுவனம் விற்ற மூல ஒலிப்பதிவுகள் அதன் உடைமையே என்பது 1968இல் தெளிவாயிற்று. வியர்வை மெம்பிஸில், உரிமையோ நியூயோர்க்கில்! குறொப்பர் 1970இல் ஸ்டாக்ஸை விட்டு விலகினார். ஜெஃப் பெக் முதலிய றொக் கலைஞரின் இசைத்தட்டுகளைத் தயாரித்தார். ஸ்டாக்ஸ் 1975இல் வீழ்ந்தது. 1989இல் அக்கொட்டகையும் இடிக்கப்பட்டது. 2003இல் அவ்விடத்தில் அருங்காட்சியகம் எழுந்தது.

தேரைக் கண்டு கைகூப்பும் நாம், வடம் பிடித்தவரின் பெயரைக் கேட்பதில்லை. கலையும் உழைப்பே என்று வகுப்பறையில் முழங்கும் என் கையே ஓர் உழைப்பாளியின் பெயரை விட்டுவிட்டது. குறொப்பரின் பெயரைச் சொல்ல அந்தப் பாடகருக்கு ஒரு கணமே போதியிருந்தது.

இவ்வாண்டு அழைப்பிதழையும் நானே எழுதினேன். மிருதங்கம் வாசிப்பவன் பெயரை முதலில் எழுதிவிட்டு, மற்றவர்களின் பெயர்களைப் பின்னர் எழுதினேன். அச்சுக்குக் கொடுக்குமுன் அவனை அழைத்து, எழுத்துப்பிழை உண்டா என்று பார்க்கச் சொன்னேன்.