ஏரியில் ஓர் இரவு

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் பழவேற்காடு என்னும் பழைய துறைமுக ஊர் உள்ளது. 1613ஆம் ஆண்டில் டச்சுக்காரர் கோட்டை கட்டி வாணிகம் நடத்திய இடம் அது. கோட்டை அழிந்தது, அவர்தம் வாணிகமும் மறைந்தது. ஆயினும் மீன்பிடித் தொழில் இன்றும் அங்கு நின்று நிலவுகின்றது.

ஊரை ஒட்டிப் பரந்து கிடக்கும் ஏரி, இந்திய நாட்டின் உவர்நீர் ஏரிகளுள் சிலிகாவுக்கு அடுத்தபடியாகப் பெரியது. அதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்திலும் எஞ்சிய பகுதி தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளன. ஆரணியாறும் காளங்கியாறும் அதற்கு நன்னீர் கொணர்கின்றன. முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் உட்புகுகின்றது. இவ்விரு நீரும் கலக்கும் இடத்தில் இறாலும் நண்டும் மடவையும் வளர்கின்றன. இறாலையும் சிறு மீன்களையும் வேட்டையாடி வாழ்வது கொடுவா மீன். அதை இரவில் தூண்டிலிட்டுப் பிடிப்பது எளிதில் கைவரும் கலை அன்று.

ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் வாழ்ந்தான். பகலில் வலை இழுக்கவும் படகு தள்ளவும் அவன் நன்கு பழகியிருந்தான். இரவுத் தூண்டிலை மட்டும் அவன் அறியான். தை மாதத்தில், அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் இரவு, பாட்டனார் அவனைத் தம்முடன் அழைத்துச் சென்றார். “நான் பிடிக்கும் முதல் மீனை உனக்கே கொண்டுவருவேன், அம்மா” என்று தாயிடம் சொல்லிவிட்டே சிறுவன் புறப்பட்டான்.

இளம்பிறை முன்னரே மறைந்துவிட்டது. வாடைக்காற்று மெல்ல வீசியது. தொலைவில் பூநாரைகளின் குரலும், அதற்கும் அப்பால் கடலின் முழக்கமும் கேட்டன. கலங்கரை விளக்கின் ஒளி தோன்றுவதும் மறைவதுமாக இருந்தது. ஏரி ஆழமற்றது, ஆதலின் பாட்டனார் கழியூன்றியே படகைச் செலுத்தினார். ஓரிடத்தில் அவர் நேரே செல்லாது படகை வளைத்துத் திருப்பினார்.

“இப்படியே சென்றால் விரைவில் சேரலாமே, தாத்தா?” என்றான் சிறுவன்.

“அங்கே இன்று வேறொருவர் பாடு, கண்ணு” என்றார் அவர்.

இறாலுக்கு வலை கட்டும் இடங்களையும், அவற்றில் முறைவைத்துத் தொழில் செய்யும் ஒழுங்கையும் பழவேற்காட்டு மீனவர் ‘பாடு’ என்பர். நல்ல இடம் எந்நாளும் ஒருவருக்கே உரியதாகிவிடாதபடி, ஊரார் கூடி முறை வகுத்துப் பகிர்ந்துகொள்ளுதல் நெடுநாளைய வழக்கம். காண்பார் எவருமில்லாத இருளிலும் பிறர் முறையை மதித்து விலகவேண்டும் என்பதே அன்று அவன் கற்ற முதற்பாடம்.

ஓடைவாய் ஒன்றின் அருகே படகு நின்றது. சிறுவன் கழியை வாங்கிக் கீழே வைத்தான்; அது ‘தடார்’ என்று பலகையில் மோதியது. பாட்டனார் கடிந்துரைக்கவில்லை. நெடுநேரம் தூண்டிலைத் தொடாமலே அமர்ந்திருந்தார். அந்த ஓசைக்கு மீன்கள் விலகியிருக்கும் என்பதும், அவை மீண்டு வரும்வரை காத்திருத்தலே செய்யத்தக்கது என்பதும் சொல்லாமலே சிறுவனுக்கு விளங்கின.

நள்ளிரவை ஒட்டி நீர் கடலை நோக்கி வடியத் தொடங்கியது. கார்த்திகை விண்மீன்கள் மேற்கே சாய்ந்திருந்தன. “மேட்டில் மேய்ந்த இறாலும் குஞ்சு மீனும் வடியும் நீரோடு இந்த ஓடைக்குத்தான் வரும். கொடுவா அவற்றைத் தேடி அலைவதில்லை, வழியில் காத்திருக்கும். நாமும் அதைப் போலவே காத்திருக்கவேண்டும்” என்று பாட்டனார் மெதுவாகச் சொன்னார். பானையிலிருந்த உயிருள்ள இறால் ஒன்றை முள்ளில் கோத்து, ஓட்டத்தின் போக்கில் விட்டார். கயிற்றைச் சிறுவன் விரல்மேல் வைத்து, “இனி உன் கண்ணுக்கு வேலை இல்லை, விரல்தான் பார்க்கவேண்டும்” என்றார்.

சிறிது நேரத்தில் கயிறு துடித்தது. சிறுவன் உடனே வெடுக்கென இழுத்தான். முள் வெறுமையாய் வந்தது. “இரையை அது வாயில் கொள்ளுமுன் நீ இழுத்துவிட்டாய்” என்று கூறி, பாட்டனார் மற்றோர் இறாலைக் கோத்தார். மறுமுறை கயிறு துடித்தபோது சிறுவன் மூச்சையும் அடக்கிக்கொண்டான். துடிப்பு இழுப்பாயிற்று, கயிறு ஓடத் தொடங்கியது. அப்போது அவன் இழுத்தான். நீரைப் பிளந்து மேலெழுந்து தலையை உதறியது கொடுவா! கயிறு தளராதபடி அவன் மெல்ல மெல்ல இழுத்துப் படகில் சேர்த்தான். மகிழ்ச்சி மிகுதியால் செவுளைப் பற்றினான். அதன் கூரிய விளிம்பு உள்ளங்கையைக் கீறிவிட்டது.

பாட்டனார் கீழ்த்தாடையைப் பிடித்து மீனைத் தூக்கினார். அது ஒரு சாண் நீளமே இருந்தது.

“குஞ்சு, கண்ணு” என்றார் அவர்.

“குஞ்சானால் என்ன, தாத்தா? இது என் முதல் மீன்! அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேனே!”

“நீ பிடித்தது; நீதான் முடிவு சொல்லவேண்டும். ஒன்று மட்டும் சொல்கிறேன். பெரிய கொடுவாவை அறுக்கும்போது சினை கண்டிருக்கிறேன். இத்தனை ஆண்டுகளில் இவ்வளவு சிறியதில் ஒருநாளும் கண்டதில்லை.”

முதியவர் பட்டறிவால் கண்டதற்கு அறிவியலார் காரணம் கூறுகின்றனர். கொடுவாக்களுள் பெரும்பாலானவை முதலில் ஆணாக முதிர்கின்றன. சில ஆண்டுகள் கழிந்து, உடல் பெருத்த பின்னரே பெண்ணாக மாறுகின்றன. இளமையிலேயே பிடிபடும் மீன் தாயாகும் காலத்தை எட்டுவதே இல்லை. 1997ஆம் ஆண்டில், சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தார் கொடுவாவைப் பண்ணையில் இனப்பெருக்கம் செய்விப்பதில் வெற்றி கண்டனர். எனினும், ஏரியில் தானே வளரும் கொடுவா குன்றாதிருப்பது, அதைப் பிடிப்போரின் கைகளையும் பொறுத்ததாகும்.

சிறுவனுக்கு அறிவியலார் கூற்று தெரியாது. தாய்க்குத் தந்த சொல்லும், தன் கையில் துடிக்கும் உயிருமே அப்போது அவன் நெஞ்சை நிறைத்தன. சிறிது நேரம் அவன் பேசவில்லை. பின்பு இரு கைகளாலும் மீனை நீருக்குள் தாழ்த்திப் பிடித்தான். அது ஒருகணம் அசையாதிருந்தது. மறுகணம் வாலை வீசி இருளில் மறைந்தது.

விடிவெள்ளி எழுந்தபோது படகு கரையை அடைந்தது. பாட்டனார் பின்னர்ப் பிடித்த கொடுவா ஒன்று அதில் கிடந்தது. கரையில் காத்திருந்த தாய், “உன் மீன் எங்கே?” என்று வினவினாள்.

சிறுவன் கீறல் பட்ட கையை விரித்துக் காட்டினான். “ஏரியில் வளர்கிறது, அம்மா” என்றான்.

பாட்டனார் ஒன்றும் சொல்லவில்லை. அதுவரை தாமே சுமந்துவந்த தூண்டிற்கயிற்றைப் பேரன் தோளில் இட்டுவிட்டு முன்னே நடந்தார்.