வாடகை மூக்கு

கியோட்டோவுக்குப் போகிறவர்கள் கோயில் பார்ப்பார்கள். ஆபீஸ் வேலையாகப் போன எனக்கு வாய்த்தது, கியாமாச்சி தெருவில் எட்டே ஸ்டூல் போட்ட ஒரு பார். அழைத்துப் போனவர் எங்கள் ஜப்பான் கிளையின் சீனியர். அடுத்த மாதம் ரிடையர் ஆகிறார்.

'கி நோ பி' என்ற ஜின்னை ஆர்டர் செய்தார். பருவங்களின் அழகு என்று அர்த்தமாம். ஜின்னுக்கென்றே கியோட்டோவில் ஆரம்பித்த டிஸ்டிலரியின் சரக்கு, 2016-ல் வந்தது. அடிப்படை, நம்புங்கள், அரிசிச் சாராயம்! பக்கத்து ஃபுஷிமியின் தண்ணீர். ஸாக்கே காய்ச்சுகிறவர்கள் கொண்டாடும் தண்ணீர்.

நான் வழக்கம்போல டானிக் கேட்டேன்.

"முதல்ல சும்மா முகர்ந்து பாருங்க" என்றார். கொஞ்சம் தயங்கி, "2021-ல கொரோனா வந்தப்போ என் மூக்கு போயிடுச்சு. திரும்பி வரலை. எனக்கும் சேர்த்து நீங்களே முகர்ந்து சொல்லுங்களேன்."

பால் தீய்ந்தால்கூட பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொல்லித் தெரிந்துகொள்கிறவன் நான். என்னிடம் போய்!

கிளாஸை மூக்கருகே கொண்டுபோனேன். "எலுமிச்சை... இல்லை சார், எலுமிச்சையும் ஆரஞ்சும் கல்யாணம் பண்ணிக்கிட்ட மாதிரி."

"யூஸு. அப்புறம்?"

"புதுப் பென்சில் சீவின வாசனை."

சிரித்துவிட்டார். அது ஹினோகி மரமாம். உலகின் மிகப் பழைய மரக் கட்டடமான நாராவின் ஹோர்யூஜி கோயிலைக் கட்டிய மரத்தைப் பென்சில் ஆக்கிவிட்டேன்.

எல்லாவற்றையும் ஒரே பானையில் கொட்டினால் இப்படித் தனித்தனியாகத் தெரியாது. பதினோரு சரக்குகளை ஆறு பிரிவாக்கி, ஒவ்வொன்றையும் தனியே காய்ச்சி வடித்து, கடைசியில் கலக்கிறார்கள். நம்ம வீட்டு அவியல் வேறு, இது வேறு.

"கடைசியா மெல்லிசா ஒரு பச்சை வாசம். மழையில நனைஞ்ச புல் மாதிரி..."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "க்யோகுரோ தேயிலை. எங்க ஊர் உஜி. பறிக்கிறதுக்கு மூணு வாரம் முன்னாடியே செடிக்கு மேல பந்தல் போட்டு வெயில் படாம வளர்ப்போம். சின்ன வயசுல அப்பாவுக்குப் பந்தல் கட்ட நான்தான் கயிறு எடுத்துக் கொடுப்பேன்."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்தப் பச்சை வாசத்தையே இன்னொரு தரம் நிதானமாக, புல், ஈரம், கொஞ்சம் கடற்பாசி என்று வர்ணித்தேன். பரீட்சையில்கூட இவ்வளவு எழுதினதில்லை.

பார்க்காரர் ஒரு குட்டித் தட்டை நகர்த்தினார். பச்சை மிளகு மாதிரி காய்கள். இந்த ஜின்னில் சேருகிற ஸான்ஷோ. மிளகுக்கு உறவில்லை, எலுமிச்சைக்கும் நம்ம கறிவேப்பிலைக்கும்தான் தாயாதி. ஒன்றைக் கடித்தேன். நாக்கில் யாரோ ஒன்பது வோல்ட் பேட்டரியை வைத்த மாதிரி விர்ரென்றது. இது வாசனை சமாச்சாரமே இல்லை. தொடு உணர்ச்சி நரம்புகளைக் கிண்டிவிடுகிற வேலை.

சட்டென்று உறைத்தது. தட்டை அவர் பக்கம் தள்ளினேன்.

"சார், இதுக்கு மூக்கு வேண்டாம்."

நம்பாமல் பார்த்தார். ஒன்றை வாயில் போட்டு மென்றார். புருவம் ஏறியது. ஒன்றும் பேசாமல் கை நீட்டி இன்னொன்றை எடுத்துக்கொண்டார்.