முகூர்த்தத்துக்கு முந்தைய வெளிச்சம்

நம் வீடுகளில் இருக்கும் பழைய திருமண ஆல்பங்களில் விடியற்காலை இருப்பதில்லை. முதல் பக்கத்தில் பிள்ளையார் படமும் மணமக்கள் பெயரும். அடுத்து மாப்பிள்ளை அழைப்பு. அதற்கடுத்த பக்கத்தில் நேராக மணமேடை, புகை, ஓங்கிய கைகளில் அட்சதை. இடையில் ஓர் இரவு கழிந்ததற்கோ, பலர் அரைத் தூக்கத்தில் எழுந்து ஓடியாடியதற்கோ எந்தச் சாட்சியமும் கிடையாது. காரணம் எளிமையானது. ஒரு ஃபிலிம் சுருளில் 36 படங்கள்தாம். நடுத்தரக் குடும்பத்துக் கல்யாணத்தில் மூன்று நான்கு சுருள்கள் வாங்கினால் பெரிது. தாலி கட்டும் கணத்துக்கும், மேடையேறி வரிசையில் நிற்கும் சம்பந்திகளுக்குமே அவை சரியாக இருக்கும். அதிகாலையில் உட்கார்ந்து தலை பின்னிக்கொள்ளும் பெண்ணுக்காக யார் ஃபிலிமைச் செலவழிப்பார்கள்?

டிஜிட்டல் காமிரா வந்த பிறகு அந்தக் கஞ்சத்தனத்துக்குத் தேவையில்லாமல் போயிற்று. இன்று எந்தத் திருமணத் தொகுப்பிலும் காலை ஆயத்தங்களுக்குப் பத்துப் பக்கங்களாவது உண்டு. ஆனால் அவற்றைப் பார்க்கையில் எனக்கு ஒரு சந்தேகம் எழுகிறது. ஜன்னல் கம்பியில் தொங்கும் புடவை, வெல்வெட் துணிமேல் பரப்பிய நகைகள், கண்ணாடியைப் பார்த்துக் காதணி மாட்டுவதுபோல் நிற்கும் மணப்பெண் என்று எல்லா வீட்டுக் காலையும் ஒரே காலையாக இருக்கிறது. இது மேலை நாட்டுத் திருமணப் புகைப்படக் கலையிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்ட வடிவம். அங்கே ஒரு வெள்ளை உடுப்பு, நாலைந்து தோழிகள், பெரிய ஜன்னலுள்ள விடுதி அறை. திருமணமும் பெரும்பாலும் பிற்பகலில். அந்தக் காலைப் பொழுதுக்கு அந்த வடிவம் பொருந்துகிறது. நம்முடைய காலை வேறு.

ஆறிலிருந்து ஏழரைக்குள் முகூர்த்தம் என்றால், மூன்று மணிக்கே மண்டபம் விழித்துவிடும். மணமகள் அறை என்று பலகை மாட்டிய அந்தச் சிறிய அறையில் பாய்விரித்துக் குழந்தைகள் தூங்கும். ஒரு மூலையில் பெட்டிகள், மறு மூலையில் ஈரத்துணி மூடிய பூக்கூடை, ஜன்னல் விளிம்பில் வரிசையாகக் காபி டம்ளர்கள். ஒருத்தி ஊக்கு கேட்பாள், ஒருத்தி ரவிக்கைக் கொக்கியைப் பல்லால் கடித்து நிமிர்த்துவாள். சாம்பிராணிப் புகையில் யாரோ இருமுவார்கள். கீழே சமையற்கட்டிலிருந்து பெருங்காய வாசனை மாடிப்படி ஏறிவரும். இந்த அறையைத்தான் நாம் படம் எடுக்க வேண்டும். இதைக் காலிசெய்துவிட்டு ஒரு விடுதி அறையை அல்ல.

முதல் சிக்கல் வெளிச்சம். ஜன்னலருகே பெண்ணை உட்காரவைத்து எடுங்கள் என்று எல்லாப் புகைப்பட நூல்களும் சொல்லும். விடியற்காலை நாலு மணிக்கு ஜன்னலில் இருட்டுதான் இருக்கிறது. இருப்பது கூரையில் ஒரு குழல்விளக்கு, கண்ணாடிக்கு மேலே ஒரு குண்டு பல்பு. ஒன்று பச்சைச் சாயல், மற்றொன்று மஞ்சள். இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் எந்தத் திருத்தத்துக்கும் அந்த முகம் மசியாது. இரண்டில் ஒன்றை அணைக்கச் சொல்லிவிடுவதே வழி. பழைய சோக் வைத்த குழல்விளக்கு நம் நாட்டின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் வினாடிக்கு நூறு முறை துடிக்கிறது. கண்ணுக்கு அது தெரியாது, காமிராவுக்குத் தெரியும். ஷட்டர் வேகத்தை 1/200, 1/250 என்று ஏற்றினால் அடுத்தடுத்த படங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறத்தில் வரும். 1/100 அல்லது 1/50 வைத்தால் துடிப்புகள் முழுதாக அடங்கி நிறம் நிலைக்கும். இப்போது பல மண்டபங்களில் எல்.இ.டி. விளக்குகள் வந்துவிட்டன. மலிவான சிலவற்றில் இதே துடிப்பு இருக்கத்தான் செய்கிறது.

ஃபிளாஷ் போட்டால் என்ன என்று கேட்கலாம். ஜரிகை வெள்ளைக் கோடாக எரிந்துபோகும், எண்ணெய் தடவிய தலை பளபளக்கும், பின்னால் இருப்பவர்கள் இருட்டில் மறைவார்கள். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. ஒருமுறை அது மின்னியதும் அறையிலுள்ள அத்தனை பேரும் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு காமிராவைப் பார்த்து நிற்பார்கள். பிறகு அந்தக் காலை திரும்பாது. ஆன்றி கார்த்தியே-பிரெசோன் ஃபிளாஷ் பயன்படுத்துவதை அநாகரிகமாகக் கருதினார். தம் லைக்காவின் பளபளக்கும் பாகங்களைக் கறுப்பு நாடாவால் மூடியிருந்தார். 1950இல் திருவண்ணாமலையில் ரமணரின் இறுதி நாட்களை அவர் எடுத்த படங்களைப் பார்க்கும்போது, துயரத்தில் இருந்த ஒரு கூட்டத்துக்குள் ஓர் அந்நியர் எவ்வளவு ஓசையின்றி நின்றிருக்க வேண்டும் என்று தோன்றும். கல்யாண வீட்டுக்கும் அந்த ஓசையின்மை வேண்டியிருக்கிறது. 1.8 திறப்புள்ள 50 மி.மீ. லென்ஸ் ஒன்று போதும். அதில் குவியம் சில சென்டிமீட்டர்தான் நிற்கும். கண்ணைப் பிடித்தால் காது மங்கும். பரவாயில்லை. அளவை மட்டும் சுவருக்கு எடுக்காமல் முகத்துக்கு எடுக்க வேண்டும். வெள்ளைச் சுவரை நம்பி எடுத்தால் நம் முகங்களெல்லாம் கரியாகிவிடும்.

2009 ஆவணியில் மயிலாடுதுறையில் என் சித்தி மகளுக்குத் திருமணம். ஸ்டூடியோக்காரர் ஆறு மணிக்குத்தான் வருவார் என்பதால், அதுவரைக்குமான படங்கள் என் பொறுப்பு. மூன்றரை மணிக்கு நான் அந்த அறை வாசலுக்குப் போனபோது எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். தரையில் தங்கை உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் முக்காலியில் பெரியம்மா அமர்ந்து ஈரத்தலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்துநாலு வயதில் கணவரை இழந்தவர். அதன் பிறகு சித்தி வீட்டிலேயே தங்கிவிட்டார். சித்தி வேலைக்குப் போய்க்கொண்டிருந்ததால் இந்தப் பெண்ணைக் குளிப்பாட்டியதும் சோறூட்டியதும் பள்ளிக்கு அழைத்துப் போனதும் அவர்தான். ஆனால் நலங்குக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடக் கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை. வழக்கம் என்பது பெரும்பாலும் வாய் திறந்து சொல்லப்படுவதில்லை. அந்தந்த நேரத்தில் அவரவர் விலகிக்கொள்வதால்தான் அது நடக்கிறது. பெரியம்மா முந்தின நாளே உக்கிராண அறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, தேங்காய் வெற்றிலைக் கணக்கில் தன்னை ஒப்படைத்துவிட்டிருந்தார்.

காமிராவைக் கண்டதும் அவர் கை நின்றது.

"என்னை எதுக்குடா எடுக்குற? பொண்ண மட்டும் எடு."

நான் காமிராவை இறக்கிவிட்டேன். திரும்பிப் பார்க்காமலேயே தங்கைதான் சொன்னாள்: "ரெண்டு பேரையும் எடுங்கண்ணா. எனக்கு வேணும்."

பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து மறுபடி சீப்பை எடுத்தார். குழல்விளக்கை நான் போடவில்லை. கண்ணாடிக்கு மேலிருந்த அந்த ஒரு பல்புதான் வெளிச்சம். ஏழெட்டுப் படங்கள் எடுத்திருப்பேன். நாலரைக்கு அழகு நிலையத்துப் பெண் ராக்கொடி, ஜடைநாகம், குஞ்சலம் எல்லாம் அடங்கிய பெட்டியோடு வந்தாள். அதற்குள் பெரியம்மா எழுந்து போயிருந்தார். அவர் பின்னிய பின்னலின் மேல்தான் அத்தனை அலங்காரமும் ஏறியது என்பது மேடையில் யாருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஜன்னல் வெளிச்சம் நமக்கும் ஒருமுறை கிடைக்கிறது என்பதை அன்றுதான் கவனித்தேன். மேடையில் கூறைப்புடவையை வாங்கிக்கொண்டு பெண் உடுத்திவர அறைக்குத் திரும்புகிறாளே, அந்தப் பத்து நிமிடம். ஆவணியில் ஆறே காலுக்குச் சூரியன் வந்துவிட்டிருக்கும். அந்தப் புடவைக்குப் பெயர்போன கூறைநாடு மயிலாடுதுறையிலேயே இருக்கிறது. கதவுக்கு வெளியே காத்திருந்து, உடுத்தி முடித்தார்கள் என்று சொல்லி அழைத்த பிறகே உள்ளே போனேன். நாலு பேர் மண்டியிட்டுக் கொசுவம் சரிசெய்துகொண்டிருந்தார்கள். "பொண்ண அழைச்சிட்டு வாங்க, நேரமாகுது" என்று கீழேயிருந்து குரல். பதற்றமும் சிரிப்பும் கலந்த அந்த முகங்களின்மேல் பக்கவாட்டில் விழுந்த வெளிச்சத்தை எந்த விளக்கும் தராது. பிறகு எல்லோரும் மேடைக்கு ஓடினார்கள். நான் இறங்கும் வழியில் உக்கிராண அறையை எட்டிப் பார்த்தேன். தாம்பூலப் பைகளுக்கு நடுவே பெரியம்மா தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தார். கெட்டிமேளம் முழங்கியது. அவர் எண்ணுவதை நிறுத்திக் கண்ணை மூடிக் கைகூப்பினார். சத்தம் ஓய்ந்ததும் என்னைப் பார்த்து, "எத்தனை எண்ணினேன்னு மறந்துபோச்சுடா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை எடுத்தேன்.

2016இல் பெரியம்மா காலமானார். சட்டமிட்டு மாட்ட ஒரு படம் வேண்டும் என்று தேடியபோது, குடும்பத்தின் எந்த ஆல்பத்திலும் அவர் இல்லை. வரிசைப் படங்களில் அவர் நின்றதே இல்லை; குடும்ப அட்டையில் இருந்தது அடையாளம் தெரியாத ஒரு கரும்புள்ளி. கடைசியில் உக்கிராண அறைப் படம்தான் உதவியது. பெரிதாக்கக் கொடுத்த கடையில், வழக்கப்படி பின்புலத்தை அழித்து நீல வானம் வைத்துத் தருகிறோம் என்றார்கள். தங்கை சம்மதிக்கவில்லை. இன்றும் அவள் வீட்டுக் கூடத்தில் பெரியம்மா தேங்காய்க் குவியலுக்கு முன்னால்தான் சிரித்துக்கொண்டிருக்கிறார். தலை பின்னும் படம் கூடத்தில் இல்லை. தங்கை அதைத் தன் அலமாரிக்குள் வைத்திருக்கிறாள்.

மேடை என்பது ஒரு பட்டியல். யார் ஏறலாம், யார் எங்கே நிற்கலாம், யார் கை எதைத் தொடலாம் என்பதெல்லாம் முன்பே தீர்மானமானவை. அதைப் பதிவுசெய்ய ஸ்டூடியோக்காரர் போதும். அவர் அதை நன்றாகவே செய்கிறார். ஆனால் அந்தத் திருமணத்தை நடத்திக்கொடுத்த கைகள் பலவும் பட்டியலுக்கு வெளியே இருக்கின்றன. அவற்றைக் காண, விதிகள் கண்விழிக்கும் முன்பே நாம் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. விதவைகளை மேடைக்கு அழைக்கும் குடும்பங்கள் இப்போது உண்டு. என் உறவிலேயே இரண்டு திருமணங்களில் பார்த்தேன். புகைப்படம் எதையும் மாற்றிவிடும் என்று நான் நினைக்கவில்லை. ஒருவர் அங்கே இருந்தார் என்பதை அது சொல்லும், அவ்வளவுதான்.

நெருங்கிய வீட்டுத் திருமணத்துக்குக் காமிராவோடு போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். மூன்று மணிக்கே போய்விடுங்கள். முதல் அரைமணி நேரம் காமிராவைத் தோளிலேயே விட்டுவிட்டு ஒரு காபி வாங்கிக் குடியுங்கள், யாராவது கேட்டால் ஊக்கு தேடிக்கொடுங்கள். எடுக்குமுன் முகம் பார்த்துச் சம்மதம் அறியுங்கள். பிறகு அந்த அறையில் யார் சீக்கிரம் எழுந்துபோகப் போகிறார்கள் என்று பார்த்து, அவர்களை முதலில் எடுங்கள். புடவையும் நகையும் அங்கேயேதான் இருக்கும்.