இளைக்காத நாயகி

ஜூலி மர்ஃபியின் ‘டம்ப்ளின்’ (2015) நாவலை வாய்விட்டுச் சிரித்தபடியே வாசித்து முடித்தோம். டெக்சஸின் சிற்றூர் ஒன்றில் பர்கர் கடையில் வேலை பார்க்கும் பருமனான பெண் வில்லோடீன். அவளைக் ‘கொழுக்கட்டை’ என்னும் பொருள்படச் செல்லமாக அழைக்கும் தாய், முன்னாள் அழகுராணி; ஊரின் அழகிப்போட்டியை நடத்துபவரும் அவரே. அப்போட்டிக்கு மகளே பெயர் கொடுக்கிறாள்.

உடல் இளைத்து மகுடம் சூடுவாள் என எதிர்பார்த்தோம். இளைக்கவேயில்லை. தன் உடல் குறித்து வெட்கமில்லை என்றிருந்தவள், விரும்பியவன் தொடுகையில் கூசிச் சுருங்குகிறாள். நாவலை நாம் நேசிக்கத் தொடங்கியது அவ்விடத்தில்தான்.

பல்லாண்டுகளாக வகுப்பில் ‘கொடியிடை’க்கு நயம் உரைத்து வருகிறோம். கேட்டுத் தலைகுனிந்த மாணவியர் எத்தனை பேரோ, ஒருமுறையும் ஏறிட்டுப் பார்த்தோமில்லை. இனி, அம்முகங்களைப் பாராமல் அச்சொல்லைக் கடக்க இயலாது.